எந்தப் பக்கத்துக் கோல்

நான் இங்கிலாந்தில் பந்து விளையாடுகிறேன் என்ற செய்தி இலங்கையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தது. வட்டகொடை ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே ஒரு பலசரக்குக் கடை இருந்தது. அந்தக் கடை முதலாளியின் டெலிபோனுக்கு வாரம் ஒரு தடவை நான் பேசுவதென்று ஏற்பாடு. அம்மாவும் அப்பாவும் லயத்து வீட்டிலிருந்து முக்கால் மணி நேரம் இறங்கி வந்து, கடை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். மணி அடித்ததும் முதலாளி ரிசீவரை எடுத்து, "லண்டன்தான்" என்று கடை முழுவதற்கும் அறிவித்துவிட்டுத்தான் அம்மா கையில் கொடுப்பார். நான் இருந்த ஊர் லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் வடக்கே இருந்தது. அதைப் பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அன்றைக்கு என் தொண்டை கட்டியிருந்தது.

"என்னா புள்ள, கொரலு ஒரு மாதிரியா இருக்கு? பனியில திரியிறியா?"

"இல்லம்மா. புதன்கெழம பந்து வெளாடப் போனேன். அங்க கத்திக் கத்தி தொண்ட கட்டிருச்சி."

 அம்மா ரிசீவரை மூடாமலே பக்கத்தில் இருந்தவர்களிடம், "பந்து வெளாடுறாளாம்" என்றார். யாரோ "எந்தப் பந்து?" என்று கேட்டார்கள்.

"எந்தப் பந்துடி?"

"கால்பந்து."

"அது ஆம்பளைங்க வெளாட்டுல்ல?"

"இங்க பொம்பளைங்களுக்குன்னே டீமு இருக்கும்மா."

"வேற வேலை ஒன்னும் குடுக்கலியா ஒனக்கு?" என்றார் அம்மா. கேலியாக இல்லை. உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டார்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்த காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது. எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் நான்கு வருஷம் படிப்பித்துவிட்டு, ஒரு வருஷ மேற்படிப்புக்குப் புலமைப்பரிசில் கிடைத்துப் போயிருந்தேன். அம்மா கொழுந்து எடுப்பவர். அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுபவர். அப்பா இளவட்டமாக இருந்தபோது தோட்டத்து டீமில் விளையாடியவர் என்று எங்களுக்குத் தெரியும். எனக்கும் கால்பந்துக்கும் இருந்த சம்பந்தம் வேறு மாதிரியானது. தோட்டத்து கிரவுண்டுக்கு ஒரு பக்கம் சரிவு. ஆண்கள் அடிக்கும் பந்து உருண்டு தேயிலைக்குள் இறங்கிவிட்டால், கீழே பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கும் பொம்பளைப் பிள்ளைகள் அதைத் தேடி எடுத்து மேலே எறிய வேண்டும். காலால் தொட்டதில்லை. எறிந்தவுடன் மேலேயிருந்து "சரி, போ" என்பார்கள். அவ்வளவுதான் என் அனுபவம்.

இங்கிலாந்துக்குப் போன முதல் மூன்று வாரத்தில் என்னிடம் வாயைத் திறந்து பேசியவர் நூலகத்து அம்மா ஒருவர்தான். அவரும் புத்தகத்தை எப்போது திருப்பித் தருவாய் என்றுதான் கேட்டார். விடுதியில் எட்டு அறைகளுக்கு ஒரு சமையலறை. என் பக்கத்து அறைக்காரி ஓர் ஆட்டுப் பண்ணைக்காரர் மகள். ஆறடி உயரம். அவள் நடந்து வந்தால் கொக்கியில் தொங்கும் கரண்டிகள் லேசாக ஆடும். அவளுடைய விளையாட்டுச் சப்பாத்துகள் எப்போதும் சமையலறைச் சூடாக்கியின் மேல் காய்ந்துகொண்டிருக்கும். நான் தாளிக்கும் வாசத்தை அந்தச் சப்பாத்து வாசம் அடித்துப் போட்டுவிடும். அவள்தான் பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியின் கேப்டன் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஊரின் மறு கோடியில் ஒரு கடையில் இருபது கிலோ அரிசி மூட்டையாக விற்பதைக் கண்டுபிடித்து, ஒரு நாள் வாங்கி வந்தேன். அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நான்கு மாடி ஏறினேன். பின்னால் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. திரும்பிப் பார்த்தால் கேப்டன். அவள் கையில் ஒரே ஒரு பால் போத்தல்.

"உனக்கு மூச்சே வாங்கவில்லையே" என்றாள்.

"இல்லை" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊர்ச் சந்தையில் மாட்டை விலை பேச வருகிறவர்கள் பார்ப்பதைப் போல. அன்று மாலையே கதவைத் தட்டினாள். அணியில் பத்துப் பேர்தான் இருக்கிறார்களாம். பதினோராவது ஆள் கிடைக்காவிட்டால் இந்த வருஷம் பெயரையே கொடுக்க முடியாதாம். நான் ஒரு டீச்சர் என்றேன். வயது இருபத்தாறு என்றேன். பந்தைக் காலால் தொட்டதே இல்லை என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "புதன்கிழமை இரண்டு மணி" என்றாள். மூன்று வாரமாக யாரும் என்னை எங்கேயும் வரச் சொல்லவில்லை. கிணறு தோண்டக் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன்.

முதல் நாள் பயிற்சியில் கேப்டன் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு, யார் யார் எந்த இடத்தில் நிற்பது என்று எழுதினாள். என்னிடம் வந்து, "நீ எங்கே விளையாடுவாய்?" என்று கேட்டாள். நான் எங்கேயும் விளையாடியதில்லை என்று சொன்னேன். குளிரில் என் வாய் விறைத்திருந்தது. 'எங்கேயும்' மட்டும்தான் வெளியே வந்தது, மிச்சம் வரவில்லை. அவள் சந்தோஷமாக, 'எங்கேயும் விளையாடுவாள்' என்று எழுதிக்கொண்டாள். அணியில் அப்படி ஒரு ஆள் கிடைப்பது அபூர்வம் என்று மற்றவர்களிடமும் சொன்னாள்.

உடுப்புதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. முழங்காலுக்கு மேலே நிற்கும் ஒரு காற்சட்டையைக் கொடுத்தார்கள். அதை அறையில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். எங்கள் பாடசாலையில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் நிற்பதைப் போல இருந்தது. அதற்குள்ளே கறுப்பாக ஒரு நீளக் கம்பளிக் காலுடை போட்டேன். அதற்கு மேலே முழங்கால் வரை காலுறை. விளையாட்டுப் பனியனுக்குள்ளே இரண்டு சுவெட்டர். மைதானத்துக்கு இறங்கியபோது எங்கள் கோல் காப்பவள் என்னைப் பார்த்து, நீ எந்த மலை ஏறப் போகிறாய் என்று கேட்டாள். அவள் ஒல்லியான பெண். கண்ணாடி விழாமல் இருக்க இலாஸ்டிக் பட்டி போட்டுத் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பாள். பந்து வரும்போது கண்ணை மூடிக்கொள்வாள். பிறகு கண்ணாடி எதற்கு என்று நான் கேட்டதில்லை.

என்னைக் கோலுக்கு முன்னால், பின்வரிசையில் நிறுத்தினார்கள். என் வேலை எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பது. எனக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தி பாட்டுக்குப் பந்தோடு போய்க்கொண்டிருக்கிறாள், அவளிடமிருந்து பறிப்பது மரியாதையாகவா இருக்கிறது? ஒவ்வொரு தடவை பறித்ததும் "சாரி" என்பேன். அந்த ஊர்க்காரர்கள் ஒருவர் மன்னிப்புக் கேட்டுவிட்டால் நின்று பதில் சொல்லாமல் போகமாட்டார்கள். எதிராளி நின்று, "பரவாயில்லை, பரவாயில்லை" என்பாள். அதற்குள் எங்கள் பெண்கள் பந்தோடு பாதி மைதானம் தாண்டியிருப்பார்கள். இரண்டாவது பயிற்சியில் கேப்டன் இதைக் கவனித்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அந்த சாரியை மட்டும் விட்டுவிடாதே" என்றாள்.

முதல் போட்டி நவம்பர் மாதம், எங்கள் மைதானத்திலேயே நடந்தது. பக்கத்து நகரத்துக் கல்லூரி அணி வந்திருந்தது. அவர்களுடைய முன்வரிசையில் சிவப்புத் தலைமுடியோடு ஒருத்தி. அவள் ஓடிவந்தால் ரயில் வருவது போல இருக்கும், விலகுவதா நிற்பதா என்று முடிவு செய்வதற்குள் தாண்டிப் போய்விடுவாள். பாதி நேரம் வரைக்கும் எப்படியோ ஒரு கோலும் விழாமல் சமாளித்தோம்.

இடைவேளைக்கு ஒரு பெரிய கேத்தலில் தேநீர் வந்தது. நான் எங்கிருந்து வந்தவள் என்று எல்லோருக்கும் தெரியும். தேயிலைத் தோட்டத்துக்காரி குடித்துப் பார்த்து என்ன சொல்லப் போகிறாள் என்று பத்துப் பேரும் என் வாயையே பார்த்தார்கள். எங்கள் தோட்டத்தில் நல்ல தேயிலையெல்லாம் பெட்டியில் ஏறிப் போய்விடும். எங்களுக்குக் கிடைப்பது தூள். இங்கிலாந்துக்குப் போனாலாவது அந்தப் பெட்டியில் போனதைக் குடிக்கலாம் என்று நானும் ஆசையோடுதான் போயிருந்தேன். ஒரு வாய் குடித்தேன். எங்கள் தூளே தேவலை.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டாள் கோல் காப்பவள்.

"சூடாக இருக்கிறது" என்றேன். எல்லோருக்கும் திருப்தி.

இரண்டாம் பாதியில்தான் அது நடந்தது. சிவப்புத் தலைக்காரி வலது பக்கமாக வந்து பந்தை உள்ளே அடித்தாள். பந்து எனக்கு நேராக வந்தது. கேப்டன் "அடி" என்று கத்தினாள். நான் அடித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு பந்தை அதற்கு முன்னும் பின்னும் அடித்ததில்லை. இடது கால். பந்து மேலே எழும்பாமல் கொள்ளாமல், நூல் பிடித்த மாதிரி போய், கண்ணை மூடிக்கொண்டிருந்த எங்கள் கோல் காப்பவளின் காதோரமாகத் தாண்டி வலைக்குள் விழுந்தது. எங்கள் வலைக்குள்.

எதிரணிக்காரிகள் கை தட்டினார்கள். சிவப்புத் தலைக்காரி வந்து என் முதுகில் தட்டிக்கொடுத்தாள். நான் "தேங்க்யூ" என்றேன். ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். உடை மாற்றும் அறையில் நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தபோது கோல் காப்பவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நான் மூன்று வருஷமாக விளையாடுகிறேன். ஒரு கோல்கூட போட்டதில்லை. நீ முதல் போட்டியிலேயே போட்டுவிட்டாய்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாதான் முதலில் ரிசீவரை வாங்கினார். வழக்கமாக அம்மா பேசி முடித்த பிறகு, "நல்லா இருக்கியா? சரி" என்று இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி.

"மேட்சு என்னாச்சு?"

"தோத்துட்டோம்ப்பா."

"நீ பந்து தொட்டியா?"

நான் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. "கோல் விழுந்துச்சிப்பா. நான் அடிச்சதுதான்" என்றேன். அடுத்த வாக்கியத்தில் மிச்சத்தையும் சொல்லத்தான் இருந்தேன். அதற்குள் அப்பா கடைப்பக்கம் திரும்பி, "புள்ள கோல் போட்டுருக்கு" என்று சொல்லிவிட்டார். அங்கே எழும்பிய சத்தம் ஐயாயிரம் மைல் தாண்டி என் காதில் விழுந்தது.

"எந்தக் காலு?" என்றார் அப்பா திரும்பி வந்து.

"எடது."

"எடது காலா" என்றார். அவர் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் சாதாரணதரப் பரீட்சை பாஸ் பண்ணியபோதும் கேட்டதில்லை, புலமைப்பரிசில் கிடைத்தபோதும் கேட்டதில்லை. எனக்கு மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த வாரம் நிலைமை இன்னும் மோசமாகியிருந்தது. கடை வாசலில் முதலாளி அரிசி, பருப்பு விலை எழுதும் கரும்பலகை ஒன்று உண்டு. அதன் மேல் வரியில், 'நமது தோட்டத்து டீச்சர் இங்கிலாந்து நாட்டில் கோல் போட்டார்' என்று பெயின்ட்டால் எழுதியிருப்பதாக அம்மா சொன்னார்.

"சாக்பீசால எழுதக் கூடாதாம்மா?"

"அழிஞ்சிரும்ல. அதான் பெயிண்டு" என்றார் அம்மா.

பிறகு, "ஒரு நிமிசம் இரு, பெரிய சார் வந்திருக்காரு" என்று ரிசீவரைக் கொடுத்தார். பெரிய சார் என்பது எங்கள் பாடசாலை அதிபர். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருஷமாக மலையகத்தில் இருந்தும் பேச்சை மாற்றிக்கொள்ளாதவர். என் புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கு நற்சாட்சிக் கடிதம் கொடுத்தவரும் அவர்தான். 

"பிள்ளை, நான் கதைக்கிறன். என்ன உது, பந்தடிக்கிறீராம்?"

"ஆமாங்க சார்."

"உம்மை அங்க படிக்க விட்டதோ, பந்தடிக்க விட்டதோ?"

"படிக்கத்தாங்க சார். படிக்கிறேங்க. இது புதன்கிழமை மட்டுந்தான்."

"சோதினை எப்ப?"

"ஜூன்லங்க சார்."

"ம்" என்றார்.  நான் தொலைந்தேன் என்று நினைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "எந்த இடத்தில நிக்கிறீர்? பின்னுக்கோ, முன்னுக்கோ?" என்று கேட்டார்.

"பின்னுக்குத்தாங்க சார்."

"பின்னுக்கு நிண்டு கொண்டு எப்பிடிக் கோல் போட்டனீர்?"

தோட்டம் முழுவதிலும் இந்தக் கேள்வி அவர் ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கிறது. டெலிபோன் கார்டு முடியப் போகிறது சார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு ஒரே யோசனைதான். எப்படியாவது சரியான பக்கத்தில் ஒரு கோல் போட்டுவிட வேண்டும். போட்டுவிட்டால் முன்னால் சொன்னதும் பின்னால் நடந்ததும் ஒன்றாகிவிடும், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பின்வரிசையில் நிற்கிற நான் மெதுமெதுவாக முன்னால் நகர ஆரம்பித்தேன். கேப்டன் "டீச்சர், பின்னால் போ" என்று கத்துவாள். போவேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி நகர்வேன். இரண்டு போட்டிகள் இப்படிப் போயின. நான் காலி செய்துவிட்டு வந்த இடத்தின் வழியாக எதிராளிகள் ஐந்து கோல் போட்டார்கள். கேப்டன் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று விசாரித்தாள்.

பிப்ரவரி மாதம் ஒரு போட்டிக்காக மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குப் பஸ்ஸில் போனோம். இறங்கிப் பார்த்ததும் எங்கள் பெண்கள் தலையில் கை வைத்துவிட்டார்கள். மைதானம் ஒரு கோலிலிருந்து மறு கோலுக்குச் சரிவாக இறங்கியது. தூறல் வேறு. நான் சுற்றிப் பார்த்தேன். இங்கிலாந்துக்கு வந்து ஐந்து மாதத்தில் முதல் தடவையாக, கால் வைத்த இடத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது. சமதரையில் ஓடும்போதெல்லாம் ஏதோ படி இருக்கிறதென்று நினைத்துக் கால் தடுக்கும். இங்கே அந்தத் தொல்லையே இல்லை. முதல் பாதியில் எங்களுக்கு ஏற்றம். மற்றவர்கள் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, நான் பாட்டுக்கு மேலும் கீழும் போய்வந்து பந்தைப் பறித்து, சாரி சொல்லிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் கேப்டன் என் தோளைப் பிடித்து, "இத்தனை நாளாக எங்கே இருந்தாய்?" என்றாள்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கால் மணி நேரத்தில் மேட்டிலிருந்து மூடுபனி இறங்கியது. முதலில் எதிர்க் கோல் மறைந்தது. பிறகு நடுக்கோடு மறைந்தது. எங்கள் பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: இப்போது கேப்டனால் என்னைப் பார்க்க முடியாது.

இறக்கத்தில் நேராக ஓடினேன். யார் என்னைத் தாண்டினார்கள், நான் யாரைத் தாண்டினேன் என்று தெரியவில்லை. திடீரென்று காலடியில் பந்து. யார் அடித்தது, யாருக்கு அடித்தது என்று இன்றைக்கும் தெரியாது. நாலடி தள்ளி வெள்ளையாக ஒரு கம்பம் தெரிந்தது. இது எந்தப் பக்கத்துக் கம்பம் என்று ஒரு கணம் நின்று யோசித்தேன். அந்த யோசனை மற்ற விளையாட்டுக்காரர்களுக்கு வராது, எனக்கு வந்தது. இறக்கம்தான், அப்படியானால் அவர்களுடையதுதான் என்று முடிவு செய்துகொண்டு அடித்தேன். பந்து உள்ளே போனது.

பனிக்குள்ளிருந்து எதிரணிக் கோல் காப்பவள் வெளிப்பட்டு, "இங்கே யார்?" என்றாள்.

"நான்தான். கோல்" என்றேன்.

அவள் திரும்பி வலையைப் பார்த்தாள். "ஆமாம், கோல்தான்" என்றாள். நல்ல பெண். அவளே கையைத் தூக்கி மத்தியஸ்தரைக் கூப்பிட்டாள். மத்தியஸ்தர் வயதானவர். விசிலை ஊதிக்கொண்டே தடவித் தடவி வந்து சேர்ந்தார். நாங்கள் இருவரும் நடந்ததைச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதற்கு ஒரு நிமிஷத்துக்கு முன்பே பனி காரணமாகப் போட்டியை நிறுத்தி நீண்ட விசில் ஊதிவிட்டதாகச் சொன்னார். நாங்கள் இருவரும்தான் அதைக் கேட்கவில்லையாம். மற்றவர்கள் எல்லோரும் மைதானத்தை விட்டுப் போய்விட்டார்களாம்.

பஸ்ஸில் நான் ஒரு கோல் போட்டேன் என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. எங்கள் கோல் காப்பவள் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். சனிக்கிழமை முழுவதும் அறைக்குள் நடந்து, சொல்ல வேண்டியதைப் பாடமாக்கினேன். ஆனால் அப்பாவின் குரல் கேட்டதும் பாடம் மறந்துவிட்டது.

"அப்பா, அந்த முதல் கோலு நான் போட்டதுதான். ஆனா எங்க கோலுக்கே போட்டுட்டேன்."

சத்தமில்லை.

"இந்த வாரம் சரியான பக்கம் போட்டேன்ப்பா. ஆனா அதுக்கு முந்தியே மேட்ச நிப்பாட்டிட்டாங்க. அது கணக்குல இல்ல."

 கடையில் யாரோ தராசுத் தட்டை வைக்கும் ஓசை மட்டும் கேட்டது. அப்பா அழுகிறாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"யாருகிட்டயும் சொல்லாத" என்றார் மெல்லிய குரலில். "நானும் ஒருக்கா அப்புடிப் போட்டவந்தான். நோர்வூட்டுல. பைனல் மேட்சு. கடைசி நிமிசம்."

"அம்மா ஊர்லயா?"

"அவ ஊரு டீமுக்கு எதிராத்தான். நம்ம கோலுக்கே அடிச்சேன். அவுங்க கப்பு எடுத்துட்டாங்க. ஒங்கம்மாவோட அப்பாவுக்குத் தலைகால் புரியல. யாரு இந்தப் பையன், நல்ல பையனா இருக்கானேன்னு வீட்டுக்குக் கூப்புட்டு டீ குடுத்தாரு. அப்புடித்தான் ஒங்கம்மாவப் பாத்தேன்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் கோல் போட்டுத்தான் அந்த மேட்சு ஜெயிச்சதுன்னு அவளுக்குத் தெரியும். எந்த டீமுக்கு வெளாடுனேன்னு அவ கேக்கல. அது பொய் இல்லியே."

அப்போது ரிசீவர் கை மாறும் சத்தம் கேட்டது. அம்மா பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்திருக்கிறார். அப்பா மெல்லிய குரல் என்று நினைத்துப் பேசியது கடை முழுவதும் கேட்டிருக்கிறது.

"இருவத்தெட்டு வருசம்" என்றார் அம்மா. என்னிடமா அப்பாவிடமா என்று தெரியவில்லை. "எங்கப்பாரு சாகுற வரைக்கும் மருமகன் பெரிய வெளாட்டுக்காரருன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு."

"அம்மா, நானும் சொல்லாம விட்டுட்டேன். கோவமா?"

"ஒன்னையச் சொல்லி என்னா. ரத்தத்துல வந்தத யாரு மாத்துறது?" என்றார். பிறகு, "முதலாளி போர்ட அழிக்க மாட்டேங்கிறாரு. பெயிண்டு போகாதாம். அப்புடியே கெடக்கட்டும், கோலு கோலுதானன்னு சொல்றாரு" என்றார்.

அந்த வருஷம் நாங்கள் இரண்டு போட்டிகளில் வென்றோம். இரண்டிலும் நான் என் இடத்திலேயே நின்றேன். முன்னால் போக வேண்டிய அவசியம் தீர்ந்துபோயிருந்தது. கேப்டன் கடைசிக் கூட்டத்தில் எனக்கு ஒரு சின்னக் கோப்பை கொடுத்தாள், மிக மரியாதையான விளையாட்டுக்காரி என்று. சோதினையும் பாஸ் பண்ணினேன். அதைப் பெரிய சாருக்கு முதலில் சொன்னேன். அவர், "சரி, அது தெரிஞ்சதுதானே" என்று சொல்லிவிட்டு, மற்ற விளையாட்டு விவரங்களைக் கேட்டார்.

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா தன்னோடு கொழுந்தெடுக்கும் பெண்கள் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார். "அங்க என்னா வெளாடுனன்னு இவளுகளுக்குக் காட்டணுமாம்" என்றார். தான் காட்டச் சொன்னதாக ஒப்புக்கொள்ளவில்லை.

கிரவுண்டில் ஆண்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அம்மா போய் நடுவில் நின்றதும் அவர்கள் தானாகவே ஓரமாகப் போனார்கள். கங்காணி ஒருவரை விசில் ஊத வைத்தோம். பெரட்டுக் களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கிற அதே குரலில் அவர் பெண்களை இரண்டாகப் பிரித்தார். சிலர் சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டார்கள். சிலர் வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே வந்தார்கள். எல்லோரும் பந்து இருக்கும் இடத்துக்கே ஓடினார்கள். நான் இடம் பிரித்து நிறுத்தினால், "அங்க தனியா நின்னு என்னா பண்றது?" என்று மறுபடியும் கூட்டமாகிவிடுவார்கள். ஒருத்தி பந்தோடு போனால், எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அவளுடைய நாத்தனார் கூடவே ஓடிப் பேச்சுக் கொடுப்பார். நான் ஓடி ஓடிக் கத்தியதில் எனக்கு மறுபடியும் தொண்டை கட்டியது.

அம்மாவைக் கோலில் நிறுத்தியிருந்தோம். நிற்கிற வேலை சுலபம் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். அரை மணி நேரம் அவர் பக்கம் பந்தே போகவில்லை. பிறகு ஒரு பந்து உருண்டு வந்தது. அம்மா குனிந்து இரண்டு கையாலும் எடுத்தார். எடுத்து, மடியில் வைத்துக்கொண்டு, கோலுக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எல்லோரும் காத்திருந்தார்கள். கங்காணி விசில் ஊதிப் பார்த்தார்.

"அம்மா, பந்தத் தூக்கி அடிங்க" என்றேன்.

"எதுக்கு?"

"அடிச்சாத்தான் வெளாட்டு நடக்கும்."

"அம்புட்டு நேரம் நின்னு புடிச்சிருக்கேன். திரும்ப ஏன் குடுக்கணும்?" என்றார் அம்மா.

சட்டத்தை விளக்கினேன். கேட்கவில்லை. அப்பா ஓரத்திலிருந்து வந்து விளக்கினார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். "நீங்க பேசாதீங்க" என்றார். அப்பா திரும்பிப் போய்விட்டார். மற்றப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மா பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெற்றிலைப் பையை அவிழ்த்தாள். கங்காணி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தார். யார் ஜெயித்தது என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு என்றுதான் கேட்டார்கள்.